கூரைக்கு உண்டா, சோலாருக்கு மட்டுமா? அமெரிக்க வீட்டு எரிசக்தி வரிக் கிரெடிட் பற்றி ஓர் எளிய விளக்கம்

அமெரிக்காவில் சொந்த வீட்டுக் கூரையில் சோலார் பேனல் போட்டவர்கள், ஆன செலவில் 30 சதவீதத்தை மத்திய வருமான வரியிலிருந்து கழித்துக்கொள்ள முடிந்தது. 2025 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அந்தச் சலுகை முடிந்துவிட்டது. முடிந்துபோன சலுகையைப் பற்றி இப்போது ஏன் படிக்க வேண்டும் என்று கேட்கலாம். 2025-இல் வேலையை முடித்தவர்கள் கணக்குத் தாக்கல் செய்யும்போதுதான் அந்தப் பணத்தைக் கேட்டு வாங்க வேண்டும். முந்தைய ஆண்டுகளில் போட்டுவிட்டு, கேட்கத் தவறியவர்களுக்கும் இன்னும் வழி இருக்கிறது. சில மாநிலங்களில் தனிச் சலுகைகள் தொடர்கின்றன. இவை எல்லாவற்றையும்விட முக்கியமான காரணம், கதவைத் தட்டி வரும் விற்பனையாளர்கள். "கூரையை மாற்றுங்கள், மூன்றில் ஒரு பங்கை அரசாங்கமே கொடுத்துவிடும்" என்ற பேச்சை நம்பிக் கையெழுத்துப் போட்ட குடும்பங்கள் நம்மவர்களிலும் உண்டு. அந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை என்று எடைபோட, இந்தக் கிரெடிட் எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

கிரெடிட் என்பது காசோலை அல்ல

வரிச் சலுகைகளில் இரண்டு வகையைத்தான் மக்கள் அதிகம் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று டிடக்‌ஷன். அது வரி கணக்கிடப்படும் வருமானத்தைக் குறைக்கிறது. நீங்கள் 22 சதவீத வரி அடுக்கில் இருந்தால், 1,000 டாலர் டிடக்‌ஷனால் மிச்சமாவது 220 டாலர். இன்னொன்று கிரெடிட். அது வரியையே குறைக்கிறது. 1,000 டாலர் கிரெடிட் என்றால் முழு 1,000 டாலரும் மிச்சம். சோலாருக்குக் கிடைத்தது இந்த இரண்டாவது வகை. அதனால்தான் அதற்கு அவ்வளவு மதிப்பு.

ஆனால் இதை மானியம் என்று நினைத்துவிடக் கூடாது. இந்தியாவில் 2024-இல் தொடங்கிய பி.எம். சூர்யா கர் திட்டத்தில், 3 கிலோவாட் அல்லது அதற்கு மேல் சோலார் போடும் வீட்டுக்கு 78,000 ரூபாய் வங்கிக் கணக்கிலேயே வந்து சேர்கிறது. வீட்டுக்காரர் வருமான வரி கட்டுகிறாரா இல்லையா என்ற கேள்வி அங்கே இல்லை. ஊரில் பெற்றோர் வீட்டில் அப்படிப் போட்டுப் பார்த்தவர்கள், அமெரிக்காவிலும் அதே மாதிரிதான் என்று எண்ணிவிடுகிறார்கள். இங்கே கதை வேறு. நீங்கள் கட்ட வேண்டிய வரி இருந்தால்தான் அதில் கழிக்க முடியும். வரியே இல்லாதவருக்குக் கழிக்க ஒன்றும் இல்லை. அரசு கையிலிருந்து எடுத்துக் கொடுக்காது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு குடும்பத்தின் ஓராண்டு மத்திய வருமான வரி 9,000 டாலர். அவர்கள் 24,000 டாலருக்குச் சோலார் போட்டார்கள். 30 சதவீதம் என்றால் 7,200 டாலர் கிரெடிட். வரி 1,800 டாலராக இறங்கிவிடும். சம்பளத்திலிருந்து ஆண்டு முழுவதும் 9,500 டாலர் ஏற்கெனவே பிடிக்கப்பட்டிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரெடிட் இல்லாமல் 500 டாலர் ரீஃபண்ட் வந்திருக்கும். கிரெடிட்டோடு 7,700 டாலர் வரும்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி எழுகிறது. "எனக்குத்தான் ஒவ்வொரு வருடமும் ரீஃபண்ட் வருகிறதே, அப்படியானால் எனக்கு வரி பாக்கியே இல்லை, கிரெடிட் கிடைக்காதோ?" என்று கேட்கிறார்கள். ரீஃபண்ட் வருவதும் வரி இல்லாதிருப்பதும் ஒன்றல்ல. பிடித்தம் போக மிஞ்சியதைப் பார்க்கக் கூடாது. அந்த ஆண்டுக்கான மொத்த வரி எவ்வளவு என்று வருமான வரிப் படிவம் 1040-இல் பார்க்க வேண்டும். சம்பளக்காரர் பெரும்பாலோருக்கு அந்த வரி இருக்கும்.

இல்லாதவர்கள் யார்? சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தை மட்டும் நம்பி வாழும் முதியவர்கள் பலர். அவர்களுடைய வருமான வரி பெரும்பாலும் பூஜ்யம். 30,000 டாலர் சோலார் போட்டாலும் கிரெடிட்டால் அவர்களுக்கு ஒரு டாலரும் வராது. இதைச் சொல்லாமல் அவர்களிடம் விற்றது எனக்கு இன்றும் ஆறாத கோபம். கடனுக்கு வாங்கியவர்கள் நிலை இன்னும் மோசம். பல சோலார் கடன்களில் மாதத் தவணை, கிரெடிட்டாக வரும் பணத்தை ஒன்றரை ஆண்டுக்குள் கடனில் கட்டிவிடுவீர்கள் என்ற கணக்கில் போடப்படுகிறது. கட்டாவிட்டால் தவணை ஏறிவிடும். வராத பணத்தை அவர்கள் எங்கிருந்து கட்டுவார்கள்?

வரி குறைவாக இருப்பவர்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. சோலார் கிரெடிட்டில் இந்த ஆண்டு பயன்படாத மிச்சம் அடுத்த ஆண்டுக்குப் போகும். மேலே சொன்ன குடும்பத்தின் வரி 5,000 டாலர்தான் என்றால், அந்த ஆண்டு 5,000 டாலர் கழியும். மீதி 2,200 டாலர் அடுத்த ஆண்டு வரியில் கழியும்.

வந்து போகும் சட்டம்

இந்தச் சலுகை புதிதாக வந்ததும் அல்ல, முதல் முறையாகப் போவதும் அல்ல. எண்ணெய் நெருக்கடியை அடுத்து 1978-இல் ஜிம்மி கார்ட்டர் ஆட்சியில் வந்த சட்டம்தான் வீட்டுச் சோலாருக்கு முதலில் வரிக் கிரெடிட் கொடுத்தது. 1979 ஜூனில் கார்ட்டர் வெள்ளை மாளிகையின் கூரையிலேயே 32 சோலார் பேனல்களை வைத்தார். அவை மின்சாரம் தயாரிப்பவை அல்ல, தண்ணீர் சுடவைப்பவை. 1985-இன் முடிவில் அந்தக் கிரெடிட் காலாவதியானது. அடுத்த ஆண்டு ரேகன் ஆட்சியில், கூரை வேலையின்போது இறக்கப்பட்ட பேனல்கள் மறுபடி ஏற்றப்படவில்லை.

இருபது ஆண்டு இடைவெளிக்குப் பின் 2005-ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டம் அதை மீட்டுக் கொண்டுவந்தது. 30 சதவீதம், ஆனால் 2,000 டாலருக்கு மேல் கிடையாது. 2009 முதல் அந்த உச்சவரம்பு நீங்கியது. 2020, 2021 ஆண்டுகளில் 26 சதவீதமாகக் குறைந்தது. 2022 ஆகஸ்டில் பைடன் கையெழுத்திட்ட பணவீக்கக் குறைப்புச் சட்டம் மீண்டும் 30 ஆக்கி, 2032 வரை அப்படியே இருக்கும் என்றது. அதை நம்பி, "அவசரமில்லை, 2032 வரை நேரம் இருக்கிறது" என்று காத்திருந்தவர்கள் ஏராளம். 2025 ஜூலை 4-ஆம் தேதி டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் அதை ஆறே மாதத்தில் முடித்துவைத்தது.

அந்த ஆறு மாதத்தில் சிக்கியவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. பணம் எப்போது கட்டினீர்கள் என்பது இங்கே கணக்கில்லை. நிறுவும் வேலை எப்போது முடிந்தது என்பதுதான் கணக்கு. வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ். இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 2025 நவம்பரில் முழுப் பணமும் கொடுத்து, பேனல் 2026 ஜனவரியில் கூரை ஏறியிருந்தால் கிரெடிட் இல்லை.

கூரைக்கு என்ன கிடைத்தது?

சட்டத்தில் இரண்டு பிரிவுகள் இருந்தன. 25சி என்பது வீட்டில் எரிசக்தி வீணாவதைக் குறைக்கும் வேலைகளுக்கு. 25டி என்பது வீட்டிலேயே எரிசக்தி தயாரிக்கும் கருவிகளுக்கு. சோலார் இதில்தான் வரும். இரண்டும் 2025 முடிவோடு நின்றுவிட்டன. கூரையைப் பற்றிய குழப்பமெல்லாம் இந்த இரண்டு பிரிவுகளுக்கு நடுவில்தான் பிறக்கிறது.

கோடைகாலத்தில் கறுப்பு ஷிங்கிள் (தார் கலந்த கூரை வில்லை) போட்ட கூரை எவ்வளவு சூடாகும் என்று அனுபவத்தில் எல்லோருக்கும் தெரியும். அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் கணக்கின்படி, சாதாரணக் கூரை வெயிலில் 150 டிகிரி பாரன்ஹீட்டையும் தாண்டும். நம் கணக்கில் சுமார் 65 டிகிரி செல்சியஸ். அதே வெயிலில் ஒளியைத் திருப்பி அனுப்பும் கூரை 50 டிகிரி பாரன்ஹீட்டுக்கும் அதிகமாகக் குளிர்ந்திருக்க முடியும். இதற்கு இரண்டு குணங்கள் வேண்டும். விழும் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்ப வேண்டும். உள்வாங்கிய கொஞ்சச் சூட்டையும் தேக்கி வைக்காமல் வெளியே விட்டுவிட வேண்டும். மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கும் நம் ஊர் வழக்கத்தில் இருப்பதும் இதே அறிவுதான். அமெரிக்கச் சந்தையில் இதற்கென்றே நிறமி பூசிய உலோகத் தகடுகளும், குளிர்ச்சி தரும் துகள் பதித்த ஆஸ்பால்ட் ஷிங்கிள்களும் உண்டு.

இப்படிப்பட்ட, எரிசக்தியை மிச்சப்படுத்தும் பொருள்களுக்கு அமெரிக்க அரசு தரும் எனர்ஜி ஸ்டார் சான்று பெற்ற கூரைகளுக்கு 25சி பிரிவில் உண்மையிலேயே கிரெடிட் இருந்தது. 2022 வரை. அதுவும் பொருள் விலையில் 10 சதவீதம், வாழ்நாளில் மொத்தமாக 500 டாலர் என்ற சின்னத் தொகை. கூலி சேராது. 2023-இலிருந்து 25சி பெரிதாக விரிந்தபோது ஜன்னல், கதவு, பரணில் போடும் வெப்பக் காப்பு, வீட்டைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் பயன்படும் ஹீட் பம்ப் எல்லாவற்றுக்கும் தொகை கூடியது. கூரை மட்டும் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. ஆகவே 2023, 2024, 2025 ஆண்டுகளில் எவ்வளவு நல்ல வெள்ளைக் கூரை போட்டிருந்தாலும் அந்தக் கூரைக்கு மத்திய அரசின் கிரெடிட் கிடையாது. வெப்பத்தைக் குறைக்கும் முயற்சிகளிலேயே எளிமையான ஒன்றைச் சட்டம் கைவிட்டது சரியல்ல என்பது என் கருத்து. டெக்சஸ், அரிசோனா போன்ற இடங்களில் ஏசி கட்டணம் குறைய அதைவிட நேரடியான வழி குறைவு. குளிர் நீண்ட மின்னசோட்டாவில் அப்படிச் சொல்ல முடியாது. அங்கே கோடையில் மிச்சமாவதைக் குளிர்காலச் சூடேற்றும் செலவு ஓரளவு தின்றுவிடும்.

அடுத்தது 25டி. இங்கே கூரைப் பொருளில் ஐ.ஆர்.எஸ். பார்ப்பது ஒன்றே ஒன்று: அந்தப் பொருள் தானே மின்சாரம் தயாரிக்கிறதா? சோலார் ஓடு, சோலார் ஷிங்கிள் என்று கூரையாகவும் பேனலாகவும் ஒரே பொருள் வேலை செய்தால் அதற்கு 30 சதவீதம் உண்டு. ஆனால் சோலார் பேனலைத் தாங்கி நிற்கும் சாதாரண ஷிங்கிள், பலகை, மரச்சட்டம் எதற்கும் கிடையாது. "மேலே சோலார் இருக்கிறது, அதனால் கீழே இருக்கும் கூரையும் சோலார் செலவுதான்" என்ற வாதம் செல்லாது.

ஒரு பில்லைக் கையில் எடுத்துப் பார்ப்போம். பழைய ஷிங்கிளைப் பிரித்துப் புதிய ஷிங்கிள் போட 14,000 டாலர். அதன் மேல் பேனல், இன்வர்ட்டர், வயரிங், கூலி, அனுமதிக் கட்டணம், விற்பனை வரி எல்லாம் சேர்த்து 24,000 டாலர். இரண்டும் ஒரே ஒப்பந்தக்காரர். பில்லில் "கூரையும் சோலாரும், 38,000 டாலர்" என்று ஒரே வரி. இந்த 38,000-க்கு 30 சதவீதம் போட்டால் 11,400 டாலர் என்று வருகிறது. விற்பனையாளர் காகிதத்தில் எழுதிக் காட்டுவது இந்த எண்ணைத்தான். சட்டப்படி கேட்கக்கூடியது 24,000-க்கான 7,200 டாலர் மட்டும். வித்தியாசம் 4,200 டாலர். ஐ.ஆர்.எஸ். கேள்வி கேட்டால் அந்தத் தொகையை வட்டியோடும், சில நேரம் அபராதத்தோடும் கட்டப்போவது வீட்டுக்காரர்தான். ஒப்பந்தக்காரரின் பெயர் உங்கள் வரிப் படிவத்தில் இல்லை. உங்கள் பில்லும் இப்படி ஒரே வரியில் இருந்தால், கூரைக்கு எவ்வளவு, சோலாருக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதிய பில்லைக் கேட்டு வாங்குங்கள். கணக்குத் தாக்கல் செய்வதற்கு முன்பே வாங்குங்கள்.

எதையெல்லாம் சேர்க்கலாம்

கடனுக்கு வாங்கினாலும் முழு விலைக்கும் கிரெடிட் உண்டு. கடனின் வட்டிக்கு இல்லை. 2023 முதல், 3 கிலோவாட்-மணி அல்லது அதற்கு மேல் கொள்ளளவுள்ள பேட்டரிக்கும் உண்டு. சோலாரோடு இணைந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. மின் நிறுவனம் வாங்கும்போதே தள்ளுபடி கொடுத்திருந்தால் அதைக் கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் 30 சதவீதம். மாதாமாதம் உபரி மின்சாரத்துக்கு நெட் மீட்டரிங் மூலம் பில்லில் கழிவதை அப்படிக் கழிக்கத் தேவையில்லை. இரண்டும் மின் நிறுவனத்திடமிருந்து வருபவை என்பதால் பலர் கலந்துவிடுகிறார்கள்.

வீடு அமெரிக்காவில் இருக்க வேண்டும், நீங்கள் அதில் வசிக்க வேண்டும். அவ்வப்போது தங்கும், வாடகைக்கு விடாத இரண்டாவது வீடும் 25டி-யில் சேரும். முழுக்க வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்கு இந்தப் பிரிவில் எதுவும் இல்லை. சென்னையில் இருக்கும் வீட்டுக்கும் இல்லை, அமெரிக்காவில் வரி கட்டுபவராக இருந்தாலும்.

25சி-யைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2025 வரை செலவில் 30 சதவீதம், ஆண்டுக்கு 1,200 டாலர் வரை. ஜன்னல்களுக்கு 600, கதவுகளுக்கு மொத்தம் 500 என்று உள் வரம்புகள். ஹீட் பம்புக்குத் தனியாக 2,000 டாலர். பரணில் போடும் வெப்பக் காப்புக்குப் பொருள் விலை மட்டும் கணக்கில் வரும், கூலி வராது. மிச்சம் அடுத்த ஆண்டுக்குப் போகாது. அந்த ஆண்டு பயன்படாவிட்டால் போனதுதான். கூரை மாற்றும்போது பரணில் காப்பும் போட்டவர்கள் இதைக் கவனியுங்கள். கூரைக்குக் கிடைக்காவிட்டாலும் காப்புக்குக் கிடைக்கும். பில்லில் அது தனி வரியாக இல்லாததால் கேட்காமலே விட்டவர்கள் இருப்பார்கள்.

இரண்டுக்கும் ஒரே படிவம்: 5695. அதில் கணக்குப் போட்டு வரும் தொகை 1040-க்குப் போகும். ரசீதுகளை இணைக்க வேண்டியதில்லை, ஆனால் வைத்திருக்க வேண்டும். முந்தைய ஆண்டுகளில் கேட்க மறந்திருந்தால், தாக்கல் செய்த நாளிலிருந்து பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குள் 1040-எக்ஸ் படிவத்தில் திருத்திக் கேட்கலாம். 2023-இல் பேட்டரி வாங்கியவர்கள், அதற்கும் சலுகை உண்டு என்று தெரியாமல் விட்டிருந்தால், பழைய கணக்கை எடுத்துப் பார்ப்பது நல்லது.

இனிமேல் போடுகிறவர்களுக்கு

2026-இல் சொந்தமாக வாங்கி வைக்கும் சோலாருக்கு மத்திய அரசின் கிரெடிட் கிடையாது. இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் இரண்டில் ஒன்று: அவருக்குச் சட்டம் மாறியது தெரியாது, அல்லது அவர் குத்தகையைப் பற்றிப் பேசுகிறார். குத்தகையில் பேனல் நிறுவனத்துக்குச் சொந்தம். உங்கள் கூரையில் இருக்கும், நீங்கள் மாதக் கட்டணம் கட்டுவீர்கள். நிறுவனங்களுக்கான கிரெடிட் வேறு பிரிவில் இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது. 2026 ஜூலை 4-க்குள் வேலை தொடங்கப்பட வேண்டும். அதற்குப் பிறகு தொடங்கினால் 2027 முடிவுக்குள் பயன்பாட்டுக்கு வர வேண்டும். அந்தப் பணம் நிறுவனத்துக்குப் போகும். அதில் ஒரு பகுதியைக் குறைந்த கட்டணமாக உங்களுக்குக் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம்.

குத்தகை ஒப்பந்தத்தில் முதல் மாதக் கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஆண்டுதோறும் கட்டணம் ஏறும் என்ற விதி உள்ளே இருக்கிறதா என்று தேடுங்கள். மாதம் 150 டாலரில் தொடங்கி ஆண்டுக்கு 2.9 சதவீதம் ஏறினால், இருபதாவது ஆண்டில் மாதம் 258 டாலர் ஆகிவிடும். இடையில் வீட்டை விற்க நேர்ந்தால், வாங்குபவர் அந்த ஒப்பந்தத்தை ஏற்க வேண்டும், அல்லது நீங்கள் அதை முடித்துக் கொடுக்க வேண்டும்.

மாநிலங்களின் பக்கம் இன்னும் வாசல் திறந்திருக்கிறது. நியூயார்க் மாநில வருமான வரியில் சோலார் செலவில் 25 சதவீதம், 5,000 டாலர் வரை. தென் கரோலினாவிலும் 25 சதவீதம். மாசசூசெட்ஸில் 15 சதவீதம், 1,000 டாலர் வரை. டெக்சஸில் மாநில வருமான வரியே இல்லாததால் அங்கே இப்படி ஒன்று இருக்க முடியாது. ஆனால் சோலாரால் உயரும் வீட்டு மதிப்புக்குச் சொத்து வரி விலக்கு உண்டு. விண்ணப்பித்தால்தான் கிடைக்கும். கலிபோர்னியாவில் 2023 ஏப்ரல் 15 முதல் விண்ணப்பித்தவர்களுக்கு உபரி மின்சாரத்தின் விலை பெரிதும் குறைந்துவிட்டது. அங்கே பேட்டரி இல்லாமல் சோலார் கட்டுபடியாவது கடினம். குளிர்க் கூரையைப் பொறுத்தவரை அதே மாநிலத்தில் சலுகைக்குப் பதில் விதி இருக்கிறது: கூரையை மாற்றும்போது, தட்பவெப்ப மண்டலத்தைப் பொறுத்து, குறைந்தபட்ச ஒளித் திருப்பும் திறன் கொண்ட பொருளைத்தான் போட வேண்டும்.

கிரெடிட் இல்லாமல் சோலார் போடுவது கட்டுபடியாகுமா? 24,000 டாலர் முதலீட்டில் ஆண்டுக்கு 2,000 டாலர் மின்கட்டணம் மிச்சமானால், போட்ட பணம் திரும்ப 12 ஆண்டுகள். கிரெடிட் இருந்தபோது அது எட்டரை ஆண்டுகளுக்குள் முடிந்தது. பேனல் 25 ஆண்டுகள் உழைக்கும் என்பதால் மின்சாரம் விலை கூடிய மாநிலங்களில் இன்னும் நல்ல முதலீடுதான் என்று நான் நினைக்கிறேன். விலை குறைந்த இடங்களில் அவசரப்பட மாட்டேன். எங்கிருந்தாலும், கூரைக்கு ஆயுள் பத்து ஆண்டுக்குள்தான் மிச்சம் என்றால் முதலில் கூரையை மாற்றுங்கள். பிறகு பேனல்களை இறக்கி மறுபடி ஏற்றும் செலவு சின்னது அல்ல.

கிரெடிட் வாங்கியவர்கள் மறந்துவிடும் ஒன்று மிச்சமிருக்கிறது. வீட்டில் செய்யும் மேம்பாட்டுச் செலவு, வீட்டை விற்கும்போது அதன் அடக்க விலையில் சேரும். லாபத்தின் மீதான வரி அந்த அளவுக்குக் குறையும். 24,000 டாலர் சோலாருக்கு 7,200 டாலர் கிரெடிட் வாங்கியிருந்தால், அடக்க விலையில் சேர்வது 16,800 டாலர் மட்டும். 14,000 டாலர் புதுக் கூரைக்குக் கிரெடிட் வாங்காததால் அது முழுவதும் சேரும். பிரித்து எழுதிய அந்தப் பில்லையும் படிவம் 5695-இன் நகலையும் வீட்டை விற்று, அந்த ஆண்டின் கணக்கைத் தாக்கல் செய்து மூன்று ஆண்டுகள் கழியும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.